மிஷின் படிக்காமல் தாண்டிய இடம்

கோயமுத்தூரிலிருந்து காங்கேயம் வரைக்கும் எந்த ஊரில், எந்த வீட்டில், கல்யாணத்துக்கு நிற்கிற பையன் இருக்கிறான், பெண் இருக்கிறது என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். பள்ளிக்கூடத்தில் நான் ஐந்தாவதைத் தாண்டவில்லை. பருத்தி ஏஜெண்ட் ஒருவரிடம் கையாளாகச் சேர்ந்து, மூட்டை பார்க்க ஊர் ஊராகப் போனபோது மனுசரையும் பார்த்து வைத்துக்கொண்டேன். பருத்தி கைவிட்டது, மனுசர் கைவிடவில்லை. வரன் பார்த்துக் கொடுத்தே ஆர்.எஸ்.புரத்தில் பட்டுக்கடைக்கு மேல் மாடியில் ஆபீஸ் போட்டேன், கார் வாங்கினேன். நான் சேர்த்து வைத்த எந்த ஜோடியும் பிரிந்து வந்து என் படியேறியதில்லை. இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான்.

இந்தத் தொழிலில் நட்சத்திரம், ராசி எல்லாம் பிறகு. முதலில் கூட்டம், அதாவது குலம். எங்களில் ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள் பங்காளிகள், அண்ணன் தங்கைகள். அதற்குள் கல்யாணம் என்ற பேச்சே கிடையாது. அது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது ஒன்று உண்டு. கூட்டத்தின் பேர் இரண்டாக இருக்கும், குலசாமி ஒன்றாக இருக்கும். என்றைக்கோ ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் பிரிந்து போய், போன இடத்தில் வேறு பேர் எடுத்திருப்பார்கள். அவர்களும் பங்காளிகள்தான். யாருக்கு யார் அப்படி என்பது புத்தகத்தில் இல்லை. என் தலையில் இருந்தது.

தொண்ணூறுகளின் பின்பாதியில் என் மகனுக்குப் பெண் எடுத்தேன். மருமகள் கம்ப்யூட்டர் படித்தவள். வந்ததும் என் ஆபீஸைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ‘இதையெல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டுரலாமுங் மாமா’ என்றாள். போட்டாள். பெர்ல் என்று ஒரு மொழியில் எழுதினாள். நான் சொல்லச் சொல்ல, கூட்டம், குலசாமி, நட்சத்திரம், வயது, உயரம் என்று பகுதி பகுதியாக ஏற்றினாள். வரனைக் கொடுத்தால் பொருத்தமான பேர்களை ஒரு தாளில் அடித்துத் தள்ளும். தமிழைத்தான் இங்கிலீஷ் எழுத்தில் அடிக்கும், இருந்தாலும் வருகிறவர்கள் அந்தத் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான். கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் வைத்து வரன் பார்த்த முதல் ஆள் நான்தான். இல்லை என்று சொல்கிறவர் இருந்தால் வந்து சொல்லட்டும்.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்தியது.

“அதுக்குள்ள நீ என்ன எழுதியிருக்கறேன்னு எனக்குத் தெரியோணும் அம்மணி. எங்கூட்டுக்குள்ள எனக்குத் தெரியாத சாமான் இருக்கக் கூடாது.”

“அது மிஷினுக்கு எழுதறதுங் மாமா. உங்களுக்குப் புரியாதுங்.”

“அப்ப எனக்குப் புரியற மாதிரியும் அதுக்குள்ளயே எழுதிப்போடு.”

அவள் சிரித்துவிட்டு, அதற்கும் வழி இருக்கிறது என்றாள். ஒரு வரியில் சமக்குறி போட்டு ‘பாட்’ என்று எழுத வேண்டும். அதற்குக் கீழே விளக்கத்தை நம் பாஷையில் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். முடிந்ததும் இன்னொரு வரியில் சமக்குறி போட்டு ‘கட்’. அந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது மனுசருக்கு. மிஷின் அதைப் படிக்காமல் தாண்டிப் போய், ‘கட்’டுக்குக் கீழே தன் வேலையை ஆரம்பிக்கும்.

“நான் சொல்றதக் காதுலயே போட்டுக்காம தாண்டிப் போயிருமா?”

“ஆமாங் மாமா.”

“உன்ற புருசனாட்டவேன்னு சொல்லு.”

அன்றிலிருந்து அநேகமாக ஒவ்வொரு பகுதிக்கும் மேலே என் பேச்சு, கீழே மிஷினின் வேலை என்று அமைந்தது. என் பேச்சை மட்டும் தனியாக அச்செடுக்கவும் முடியும். மாதம் ஒரு தடவை அச்செடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்பேன். ஆள் இருக்கும்போது சத்தமாக வாசிக்கச் சொல்லுவேன்.

அவளிடம் இன்னொரு கட்டளையும் போட்டிருந்தேன். எதையும் அழிக்கக் கூடாது. தை மாதம் வேண்டாம் என்று போன வரன் ஆவணியில் திரும்பி வரும். கிழித்துப் போட்ட போட்டோவைத் தேடி நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவள் அதற்கும் அந்தக் குறிகளையே வைத்துக்கொண்டாள். ஒரு பகுதி இப்போதைக்கு வேண்டாம் என்றால் அதை அழிக்காமல், அதன் தலையில் ‘பாட்’, காலடியில் ‘கட்’ என்று போட்டுவிடுவாள். மிஷின் அதையும் யாரோ மனுசருக்கு எழுதிய விளக்கம் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடும்.

“அழிக்கறதில்லைங் மாமா. தூங்க வெக்கறதுங்.”

எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

மேட்டுப்பாளையத்திலிருந்து பாக்கு மண்டிக்காரர் ஒருவர் வந்தார். ஒரே மகன். அப்பனும் மகனும் ஒரே நிறம், ஒரே நடை, பேச்சு மட்டும் அப்பனுக்கு. நாற்காலியில் உட்காரும் முன்பே சொல்லிவிட்டார்.

“நட்சத்திரம் கிட்சத்திரம் எல்லாம் எங்கூட்டுல பாக்கறதில்லைங். எங்கப்பன், பாட்டன் ஆரும் பாத்ததில்லைங். சாமிகிட்டப் பூக் கேப்போம். குடுத்துதுன்னா கலியாணம். நீங்க மிஷின்ல அதைய எடுத்துப்போட்டு மத்ததைப் பாருங்.”

நம் பக்கத்துப் பழைய வீடுகளில் இது சகஜம், சாமி மேலிருந்து பூ விழுந்தால் சம்மதம். மருமகள் அந்த வீட்டுக்கென்று, தான் எழுதியதில் தனியாக ஒரு பிரதி எடுத்தாள். அதில் நட்சத்திரப் பகுதியைத் தூங்க வைத்தாள். தாள் வந்தது. மேலேயே பல்லடத்துப் பெண் ஒன்று. கடைசி வரியில், தடை ஏதும் இல்லை. மண்டிக்காரரின் கூட்டம் ஒரு பேர், பல்லடத்தார் கூட்டம் வேறு பேர். இவருக்கு மேட்டுப்பாளையத்திலேயே குலசாமி கோயில். மிஷினே சொன்ன பிறகு நான் எதற்கு இன்னொரு தடவை தலையைச் சொறிய வேண்டும்? அதற்குத்தானே மிஷின்.

பல்லடத்துப் பெண்ணின் அப்பாவுக்கு விசைத்தறி. பெண் பி.காம். முடித்துவிட்டுத் தறிக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெடுக்கென்று பேசும். பெண் பார்க்கப் போன அன்று மாப்பிள்ளைப் பையன் தலையைக் குனிந்தபடியே உட்கார்ந்திருக்க, காப்பியை நீட்டிக்கொண்டே, “தரையில என்னங்க உழுந்து போச்சு? நானும் தேடட்டுங்களா?” என்று கேட்டுவிட்டது. பையன் நிமிர்ந்தான். அதற்குப் பிறகு குனியவே இல்லை.

இரண்டு அப்பன்களும் அன்றைக்கே மச்சான் மச்சான் என்று ஆரம்பித்துவிட்டார்கள்.

“ஏனுங் மச்சா, தறிச் சத்தத்துல உங்களுக்குக் காது கேக்குதுங்களா?”

“உங்க பாக்கு மண்டி நாத்தத்துல மூக்கு இருக்கறபோது, எனக்குக் காது இருக்காதுங்களா?”

அடுத்த வளர்பிறையில் உப்புச் சர்க்கரை மாற்றி உறுதி செய்துகொள்வது என்று பேச்சு. அதற்கு நடுவில் பல்லடத்துக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் டெலிபோன் பேச்சு வேறு. பெண்ணின் அப்பா என்னிடம், “மத்தியானமானா எங்கூட்டுப் போன் எனக்கில்லைங்” என்று குறைபோலச் சொன்னார். முகத்தில் குறை இல்லை.

உறுதிக்கு முன்னால் அவரவர் குலசாமியிடம் பூக் கேட்க வேண்டும். அமாவாசை அன்று போய் வாருங்கள் என்று இரண்டு வீட்டுக்கும் நானே சொன்னேன். மண்டிக்காரர் என்னையும் வேனில் ஏற்றிக்கொண்டார். ஏறி உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன், வேன் மேட்டுப்பாளையத்துக் கோயில் பக்கம் போகவில்லை. கோயமுத்தூரைப் பார்த்து நேராகப் போய்க்கொண்டிருந்தது.

“கோயலு இங்கதானுங்களே?”

“இது எங்க தாத்தன் பிடிமண்ணு கொண்டாந்து கட்டுனதுங். பொங்கலு, மொட்டை எல்லாம் இங்க. கலியாணப் பூ மட்டும் மூலக் கோயல்லதானுங் கேக்கோணும். காங்கேயத்துக்கு அக்கட்ட.”

பிடிமண் என்றால், பழைய கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து வந்து புதிய இடத்தில் சாமியை நிறுத்துவது. காங்கேயத்துக்கு அந்தப் பக்கம் என்றதும் எனக்குள் ஏதோ ஒன்று இடறியது. என்ன என்று பிடிபடவில்லை. பல்லடம் வந்தது. அங்கே நிற்காமல் போனோம். சாலையோரம் கோழிப்பண்ணைக் கொட்டகைகள் ஓடிக்கொண்டிருந்தன. அப்போது பிடிபட்டது. பல்லடத்துப் பெண்ணின் கூட்டத்துக்கு மூலக் கோயில் எது என்று நினைத்துப் பார்த்தேன். அதுவும் காங்கேயத்துக்கு அந்தப் பக்கம்தான், பருத்தி பார்க்கப் போன காலத்தில் அந்தக் கோயில் வாசலில் மூட்டை எடை போட்டிருக்கிறேன்.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி அடுத்த நிமிடம் வந்தது. இந்த இரண்டு கூட்டத்துக்கும் ஒரே சாமி என்று மருமகளிடம் சொல்லி மிஷினில் ஏற்றச் சொன்னதே நான்தான். சொன்ன நாள், உட்கார்ந்த நாற்காலி எல்லாம் ஞாபகம் வந்தது. ஏற்றிய பிறகும் மிஷின் எப்படித் தடை இல்லை என்று சொன்னது? பக்கத்தில் மண்டிக்காரர் மகனைக் கேலி செய்துகொண்டிருந்தார். திரும்புங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஒருவேளை நான்தான் தப்போ, மிஷின்தான் சரியோ என்று ஒரு பக்கம் ஓடியது. என் தலையை நானே நம்பாமல் உட்கார்ந்திருந்தது வாழ்க்கையில் அந்த அரைமணி நேரம்தான்.

கோயில் வேப்பமரத்தடியில் பல்லடத்து வேன் நின்றுகொண்டிருந்தது.

பெண்ணின் அப்பா எங்களைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே வந்தார். அவர்கள் பூக் கேட்கும் இடத்துக்கே மரியாதை செய்ய நாங்கள் வந்திருப்பதாக அவர் எண்ணம்.

“ஏனுங் மச்சா, பொண்ணூட்டுக் கோயலுக்கே வந்துட்டீங்களா? அவ்வளவு அவசரமுங்களா?”

“உங்க கோயலுங்களா?” என்றார் மண்டிக்காரர். அவர் சிரிப்பு பாதியில் நின்றது. “இது எங்க கோயலுங்.”

யாரும் எதுவும் புரிந்துகொள்வதற்குள் பூசாரி வெளியே வந்தார். இரண்டு கூட்டத்தையும் பார்த்து அவருக்கு ஏக சந்தோசம்.

“வாங் வாங். பங்காளிக எல்லாம் ஒட்டுக்கா வந்திருக்கறீங். ரண்டு ஊட்டுலயும் கலியாணமுங்களா? நல்லதுங்.” பிறகு மண்டிக்காரரிடம், “உங்க பையனுக்குப் பொண்ணு எந்த ஊருங்?” என்றார். பெண்ணின் அப்பாவிடம் திரும்பி, “மாப்பிள்ளை எந்த ஊருங்?” என்றார்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

பூசாரி கையில் பூத்தட்டு. பெண்ணின் அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். நான் பெண்ணைத் தேடினேன். அது வேன் படியில் நின்றுகொண்டு, இறங்கி வந்த பையனைப் பார்த்துச் சிரிக்கத் தயாராக இருந்தது. சிரிப்பு முகத்தில் இருந்தபடியே இருந்தது, எடுக்கத் தெரியாத மாதிரி. பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

பூ கேட்கவில்லை. கேட்க எதுவும் இல்லை. கிளம்பும்போது மண்டிக்காரர் பெண்ணின் அப்பாவிடம் மச்சான் என்று ஆரம்பித்து, நிறுத்தி, “வாரேனுங்க” என்று மட்டும் சொன்னார். என்னிடம் யாரும் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. திரும்பும் வழியெல்லாம் எனக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள்.

ஆபீஸில் மருமகளிடம் சொன்னேன். அவள் உடனே அந்த வீட்டுப் பிரதியைத் திறந்தாள். எனக்காக விளக்கத்தை மட்டும் அச்செடுக்கிற கட்டளையைக் கொடுத்தாள். தாள் வர வர அவள் முகம் மாறியது. வழக்கமாக அதில் என் பேச்சு மட்டும்தான் வரும். அன்றைக்கு நட்சத்திரப் பகுதி முழுவதும் வந்தது. அது தூங்க வைத்தது, வரட்டும். அதற்கும் கீழே நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. குலசாமிப் பகுதி, நான் சொல்லச் சொல்ல ஏற்றிய அத்தனை ஜோடிப் பேர்கள், அந்த இரண்டு பேர்களும் சேர்த்து, எல்லாம் விளக்கமாக வந்து விழுந்தது. அதற்கு அடுத்த பகுதியின் தலையில் இருந்த என் பேச்சு முடிந்த இடத்தில்தான் நின்றது.

“என்ன அம்மணி இது?”

அவள் திரையில் ஒரு வரியைக் காட்டினாள். நட்சத்திரப் பகுதியின் காலடியில் அவள் போட்ட ‘கட்’.

“இது வரி ஓரத்துல ஒட்டி நிக்கோணுமுங் மாமா. ஓரிடம் தள்ளி நிக்குது. தள்ளி நின்னா மிஷினுக்கு அது கட்டே இல்லைங். சாமிப் பகுதிக்கு அன்னைக்கு நீங்க விளக்கம் ஒண்ணும் சொல்லலீங். அதனால நடுவுல வேற கட்டும் இல்லைங். அடுத்த பகுதியில உங்க பேச்சுக்கு அடியில இருக்கற கட்டு வந்தொடனதானுங் அது முழிச்சிருக்குது.”

“அப்ப சாமிப் பகுதி?”

“அதையும் உங்க பேச்சுன்னு நெனச்சுத் தாண்டிருச்சுங்.”

“தப்புன்னு அது ஒரு வார்த்தை சொல்லோணுமல்ல?”

“அதுக்குத் தப்பே இல்லைங் மாமா.”

இத்தனை வருடத்தில் எத்தனையோ பேர் என்னை ஏமாற்றப் பார்த்திருக்கிறார்கள். வயதைக் குறைத்தவன், வியாதியை மறைத்தவன், முதல் கல்யாணத்தையே மறைத்தவன். எல்லாரும் கண்ணில் மாட்டிக்கொள்வார்கள். ஏமாற்றும் எண்ணமே இல்லாமல், தப்பும் இல்லாமல், மறைத்ததும் இல்லாமல் ஒன்று இப்படிச் செய்யும் என்பதுதான் எனக்கு ஜீரணமாகவில்லை. குலசாமிக்கு விளக்கம் எதற்கு, அது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று அன்றைக்கு நான் சொல்லியிருப்பேன். சொன்னேன் என்றுதான் மருமகள் சொல்கிறாள்.

மற்ற வீட்டுத் தாள்கள் எல்லாம் வேறு பிரதியில் எடுத்தவை. இருந்தாலும் அத்தனையையும் நான் வரி வரியாகக் கேட்டு, தலையில் வைத்து ஒத்துப் பார்த்தேன். ஒன்றிலும் பழுதில்லை. என் தலை அப்படி.

கொஞ்ச நாள் கழித்துப் பல்லடத்துப் பெண் தன் அப்பாவுடன் ஆபீஸுக்கு வந்தது. போட்டோவைத் திரும்ப வாங்கிப் போகத்தான் வந்தார்கள். அப்பா கீழே பட்டுக்கடைக்காரரிடம் நின்று பேசிக்கொண்டிருந்தார். மாடிக்குப் பெண் மட்டும் ஏறி வந்தது. நான் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஏதோ ஆரம்பித்தேன். அது காதில் வாங்கவில்லை. மருமகளிடம் போய் நின்றது.

“அக்கா, எந்த எடத்துலன்னு காட்டறீங்களா?”

மருமகள் காட்டினாள். பெண் திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தது.

“இதானுங்களா? இத்துனூண்டா?”

“ஆமாங் கண்ணு.”

“இதை ஓரத்துக்குத் தள்ளிப் போட்டா?”

மருமகள் தள்ளினாள். தாள் வந்தது. பல்லடத்துப் பேர் அதில் இல்லை. அடியில் ஒரு வரி மட்டும்: பங்காளி, பேசக் கூடாது.

பெண் அதை இரண்டு தடவை வாசித்தது. பிறகு, “பழையபடி வெச்சு அடிங்க்கா” என்றது.

மருமகள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். ‘கட்’ ஓரிடம் உள்ளே போயிற்று. பிரிண்டர் கரகரவென்று அடித்தது. மேலேயே பல்லடத்துப் பேர். தடை ஏதும் இல்லை.

அந்தத் தாளைப் பெண்ணே கிழித்து எடுத்துக்கொண்டது. பிறகு என் பக்கம் திரும்பி, சாதாரணமாகத்தான் கேட்டது.

“மிஷின் தாண்டிப் போச்சுதுங்களே. நீங்களும் தாண்டிப் போயிருக்கலாமல்லங்க?”

எனக்கு ஒரு நிமிடம் என்ன கேட்கிறது என்றே விளங்கவில்லை. தெரியாமல் நடந்துவிட்ட தப்பு என்றுதான் நான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். தெரிந்தும் தாண்டிப் போகலாம் என்று ஒருத்தர் நினைக்க முடியும் என்பது என் தலையில் ஏறவே இல்லை. அதுவும் தறி ஓட்டுகிற வீட்டில் நல்லபடியாக வளர்ந்த பெண்.

“அது அண்ணன் அம்மணி” என்றேன்.

“அமாவாசைக்கு முந்தின நாள் மத்தியானம் வரைக்கும் இல்லீங்க.”

கோபமாகச் சொல்லவில்லை. கணக்கில் ஒரு வரியைத் திருத்துகிற மாதிரி சொன்னது. மூன்று ஜில்லாவில் எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருக்கிற ஆள் நான். அன்றைக்கு மேஜையில் போட்டோவைத் தேடி எடுத்து நீட்டினேன். மருமகள் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெண் போட்டோவை வாங்கி, அந்தத் தாளை நான்காக மடித்து, இரண்டையும் ஹேண்ட்பேக்கில் வைத்து மூடியது. “வாரேனுங்க” என்று கும்பிட்டுவிட்டுப் படியிறங்கிப் போயிற்று. கீழே அப்பா, போட்டோ வாங்கிவிட்டாயா என்று கேட்பதும், வாங்கிவிட்டேன் என்று அது சொல்வதும் கேட்டது.

அடுத்த தையில் அந்தப் பெண்ணுக்கு உடுமலைப்பேட்டையில் நல்ல இடமாக நான்தான் முடித்து வைத்தேன். தலையிலும் பார்த்தேன், மிஷினிலும் பார்த்தேன், குலசாமிக் கோயிலுக்கு நானே நேரில் போயும் பார்த்தேன். கல்யாணத்தன்று மேட்டுப்பாளையத்தார் பங்காளி முறைக்கு வந்து சீர் வைத்தார்கள். பையன் வரவில்லை, மண்டியில் லோடு இறங்குகிறது என்றார்கள். மணமேடையில் அந்தப் பெண் என்னைப் பார்த்து நன்றாகத்தான் சிரித்தது. மடித்து எடுத்துப் போன தாள் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை.